சுமையும் சுமப்பவரும்: ஏசாயா 46ஐ மூன்று மொழிகளில் வாசித்தல்

ஏசாயா தீர்க்கதரிசன நூலின் 46ஆம் அதிகாரத்திலிருந்து நம்மிடையே அதிகம் புழங்குவது நான்காம் வசனம்தான். முதியோருக்கான ஜெபங்களிலும் மரண அறிவித்தல்களிலும் அதைக் காணலாம். நரைத்த பின்னும் கடவுள் கைவிடார் என்பது அதன் சாரம். ஆனால் அதை மட்டும் கத்தரித்து எடுக்கும்போது, அந்த வசனம் எந்தக் கேள்விக்குப் பதிலாக வந்ததோ அந்தக் கேள்வி காணாமற் போய்விடுகிறது. யார் யாரைச் சுமப்பது என்பதே அந்தக் கேள்வி.

அதிகாரம் பாபிலோனில் தொடங்குகிறது. பேல், நேபோ என்ற பாபிலோனின் பெருந்தெய்வங்கள் குனிந்து சரிகின்றன. அவற்றின் சிலைகள் களைத்துப்போன மிருகங்களின் முதுகில் ஏற்றப்படுகின்றன. கேட்டுக்கொண்டிருப்பவர்கள் யூதேயாவிலிருந்து நாடுகடத்தப்பட்டவர்கள். கி.மு. 539இல் பாரசீக மன்னன் கோரேசிடம் பாபிலோன் வீழ்ந்த காலத்தையொட்டியே பெரும்பாலான ஆய்வாளர்கள் இப்பகுதியை வைக்கிறார்கள். அந்தத் தெய்வங்கள் ஊர்வலமாய்ச் சென்ற வீதியின் நீலச் சுவர்களை நாம் ஜேர்மனியிலேயே பார்த்திருக்கிறோம். பேர்லின் பெர்கமோன் அருங்காட்சியகத்தில் இஷ்தார் வாயிலோடு நிற்பவை அவைதான். அந்தச் சிங்கங்களின் முன் நின்றால், அகதியாய் வந்தவனுக்கு அந்நகரம் எப்படித் தெரிந்திருக்கும் என்பது விளங்கும். இவ்வளவு பெரிய வீதியில் வரும் கடவுளை இன்னொருவர் சுமக்கவேண்டியிருக்கிறது என்று சொல்வதற்குத் துணிச்சல் வேண்டும்.

எபிரேயத்தில் இந்தத் துணிச்சல் சொற்களுக்குள்ளேயே இருக்கிறது. முதல் வசனத்தில் சிலைகளைக் குறித்து இரண்டு வேர்ச்சொற்கள் வருகின்றன. ஒன்று 'நாஸா': தூக்குதல், எடுத்துச் செல்லுதல். மற்றது 'ஆமஸ்': பொதி ஏற்றுதல். ஆதியாகமத்தில் யோசேப்பின் சகோதரர்கள் கழுதைமேல் மூட்டை ஏற்றும்போது வரும் சொல் இதுவே. மூன்றாம் வசனத்தில் அதே இரண்டு வேர்களும் திரும்பி வருகின்றன. இம்முறை மக்களைக் குறித்து. வயிற்றிலிருந்து என்மேல் ஏற்றப்பட்டவர்கள், கருவறையிலிருந்து என்னால் தூக்கப்பட்டவர்கள் என்கிறார் கடவுள். கழுதையின் வேலையைத் தானே எடுத்துக்கொள்கிறார்.

நான்காம் வசனத்தில் 'ஸாபல்' என்ற மூன்றாவது வேர் சேர்கிறது. முதுகு வளையச் சுமத்தல் என்று அதைச் சொல்லலாம். யாத்திராகமத்தின் தொடக்கத்தில் எகிப்தில் இஸ்ரவேலர் பட்ட கட்டாய வேலையைச் சுட்டும் சொல்லும் இதே வேரிலிருந்து பிறந்தது. அடிமைகளின் வினைச்சொல்லைக் கடவுள் தனக்கு வைத்துக்கொள்கிறார். ஏழாம் வசனம் மறுபடியும் சிலையைத் தோளில் தூக்குபவர்களிடம் போகிறது. அங்கும் நாஸா, ஸாபல்தான். ஆகவே கடவுளின் பராமரிப்பை இந்தத் தீர்க்கதரிசனம் மென்மையான சொல்லால் சொல்லவில்லை. அதைப் பாரம் தூக்குபவனின் வேலையாகக் காட்டுகிறது.

தமிழில் இது எப்படி வந்திருக்கிறது? நம்மில் பலர் வளர்ந்த புரொட்டஸ்தாந்து வேதாகமம், ஹென்றி பவர் தலைமையிலான குழு 1871இல் வெளியிட்ட ஐக்கிய மொழிபெயர்ப்பின் வழி வந்தது. அதற்கு அடித்தளம் பப்ரிசியுஸ் ஐயரின் மொழிபெயர்ப்பு. அவர் 1711இல் ஹெசன் பகுதியின் கிளேபெர்க்கில் பிறந்து, 1740இல் தரங்கம்பாடியில் இறங்கி, சென்னையில் மறைந்தவர். அந்த வேதாகமம் மூன்றாம் வசனத்தில் 'ஏந்தி' என்றும் 'தாங்கினேன்' என்றும் சொல்கிறது. நான்காம் வசனத்தில் தாங்குதல், ஏந்துதல், சுமத்தல் மூன்றும் வருகின்றன. ஏந்துதல் கையின் வேலை; குழந்தையை ஏந்துவோம், விளக்கை ஏந்துவோம். தாங்குதல் கீழிருந்து விழாமல் பிடிப்பது. இரண்டும் அழகான சொற்கள். ஆனால் முதல் வசனத்தில் சிலைகளுக்கு வந்த 'சுமை' மூன்றாம் வசனத்தில் மக்களுக்கு வராததால், கழுதையின் பொதி கடவுளின் முதுகுக்கு மாறும் இடம் மங்கிவிடுகிறது. பத்து மாதம் சுமந்தவள் என்று தாயைச் சொல்லும் மொழி தமிழ். கருப்பையும் மூட்டையும் ஒரே வினையில் சேரும் வாய்ப்பு நம் மொழியில் இயல்பாகவே இருந்தது.

ஓரிடத்தில் தமிழ் ஜேர்மனை முந்துகிறது. எபிரேய வினைமுற்றிலேயே 'நான்' அடங்கியிருக்கும், நம் 'சுமப்பேன்' போல. இருந்தும் நான்காம் வசனம் 'அனி', நான், என்று ஐந்து முறை தனியே சொல்லி அழுத்துகிறது. தமிழில் அந்த 'நான்' அதே அழுத்தத்தோடு கேட்கிறது. ஜேர்மனில் 'இஹ்' இல்லாமல் வாக்கியமே அமையாது. அதனால் அழுத்தம் இலக்கணத்துக்குள் கரைந்துவிடுகிறது.

ஜேர்மனில் இந்தச் சிக்கலை நேராக எதிர்கொண்டவர்கள் மார்ட்டின் பூபரும் ஃபிரான்ஸ் ரோசன்ஸ்வைக்கும். 1925இல் தொடங்கிய அவர்களின் மொழிபெயர்ப்பு, ஒரே எபிரேய வேர் திரும்பி வந்தால் ஜேர்மனிலும் ஒரே வேர் திரும்பி வரவேண்டும் என்று முயன்றது. அப்படித் திரும்பும் சொல்லை 'லைட்வோர்ட்', வழிநடத்தும் சொல், என்றார்கள். இது செயற்கையான, பழைமை பூசிய ஜேர்மன் என்று 1926இல் ஸீக்ஃபிரீட் கிராகௌவர் சாடினார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. உரக்க வாசித்தால் சில இடங்களில் நாக்கு இடறும். ஆனால் ஏசாயா 46 போன்ற அதிகாரத்தில் அந்த விதிதான் பொருளைக் காப்பாற்றுகிறது. வேர் மாறினால் வாதமே மாறிவிடும்.

அந்தப் பணியின்போது ரோசன்ஸ்வைக்கின் உடல் ஏறக்குறைய முற்றாகச் செயலிழந்திருந்தது. பேச முடியாது, எழுத முடியாது. மனைவி எடித் எழுத்துகளைச் சொல்லச் சொல்ல, அவர் சிறு சைகையால் தெரிவு செய்து சொற்களைக் கட்டினார். 1929 டிசம்பரில் 42 வயதில் அவர் இறந்தபோது பணி ஏசாயா 53ஐ எட்டியிருந்தது. பிறருடைய நோவைச் சுமக்கும் ஊழியனைப் பற்றிய அந்த அதிகாரத்திலும் நாஸா, ஸாபல் என்ற அதே இரண்டு வினைகள் வருகின்றன. பூபர் 1938இல் ஜேர்மனியை விட்டு வெளியேறி, 1961இல் ஜெருசலேமில் தனியே முடித்தார். அப்போது அதை வாசிக்கவேண்டிய ஜேர்மன் யூத சமூகம் அழிக்கப்பட்டிருந்தது.

இங்கே நம்மவர் ஒரு மறுப்பு எழுப்பக்கூடும். ஹாம் நகரின் காமாட்சி அம்பாள் ஆலயத் திருவிழாவில் தேர் இழுப்பவருக்கும் சுவாமி காவுபவருக்கும் அந்தப் பாரம் இழிவல்ல, பேறு. சரியான மறுப்புத்தான். ஏசாயாவின் கேலியில் அந்த அன்புக்கு இடமில்லை. அது இந்தப் பகுதியின் எல்லை. ஆனாலும் அதன் முதல் குறி அகதிகளை ஆண்ட பேரரசின் தெய்வங்களே. தோற்றவர்களின் கடவுள் தோற்றுவிட்டார் என்ற பேச்சுக்கு அது பதில் சொல்கிறது.

எனக்கு இந்தச் சொல்லாராய்ச்சி ஏன் முக்கியம்? 1980களில் இளைஞர்களாய் வந்த நம் தலைமுறைக்கு இப்போது நரைத்துவிட்டது. நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் வாக்கியம், 'பிள்ளையளுக்குப் பாரமா இருக்கக்கூடாது' என்பது. ஜேர்மன் முதியவர்களும் 'சூர் லாஸ்ட் ஃபாலன்', சுமையாக விழுதல், என்று இதையேதான் அஞ்சுகிறார்கள். பராமரிப்புக் காப்புறுதியோ அந்தப் பாரத்தை 1 முதல் 5 வரை நிலைகளாக அளக்கிறது. முதியோர் இல்லங்களில் வேலை செய்யும் நம் பெண்களுக்கு ஒரு உடலைக் கட்டிலிலிருந்து தூக்குவது என்றால் என்னவென்று நாரியே சொல்லும். அவர்களுக்கு 'ஏந்துவேன்' என்பதைவிட 'சுமப்பேன்' என்பதே உண்மையான சொல்.

சுமையாக இருப்பது வெட்கம் என்று இந்த அதிகாரம் சொல்லவில்லை. பிறந்த நாளிலிருந்தே நாம் ஏற்றப்பட்ட பொதிகள்தான் என்கிறது. புதிய தமிழ் மொழிபெயர்ப்பு ஒன்று வருமானால், மூன்றாம் வசனத்திலும் 'சும' என்ற வேரை வைக்கட்டும். அதுவரை, முதியோருக்காக இதை வாசிப்பவர்கள் நான்காம் வசனத்தோடு நிறுத்தாமல், முதலாம் வசனத்திலிருந்து ஏழுவரை சேர்த்து வாசிக்கலாம்.