இரு பக்கங்களின் கணக்கு: ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ இசைத்தட்டு ஒரு மதிப்பீடு

மெட்டாலிகாவின் ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ 1986 மார்ச் 3 அன்று வெளிவந்தது. அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் இடம்பெற்ற முதல் மெட்டல் ஆல்பம் அது. அதன் செவ்வியல் தகுதிக்காக இனி யாரும் வாதாட வேண்டியதில்லை. ஆனால் அதை முதலில் சுமந்து வந்த வைனல் தட்டு அதற்கு நியாயம் செய்ததா என்ற கேள்வி இன்னும் தீரவில்லை. இசையமைப்பு, பதிவு, தட்டு ஆகிய மூன்றையும் ஒரே புகழ்மாலைக்குள் கட்டிவிடுவது வழக்கமாகிவிட்டது. தனித்தனியே எடைபோட்டால்தான் எது சாதனை, எது சமரசம் என்று தெரியும்.

முதலில் பதிவு. கோபன்ஹேகனின் ஸ்வீட் சைலன்ஸ் ஸ்டுடியோவில் 1985 செப்டம்பரில் தொடங்கிய வேலை டிசம்பர் கடைசியில்தான் முடிந்தது. ஃப்ளெமிங் ராஸ்முசென் உடனிருந்து பதிவுசெய்தார். முந்தைய ஆல்பமான ‘ரைட் த லைட்னிங்’ உருவானதும் அதே இடத்தில், அவர் கையில்தான். பிளாக் சாபத் தன் முதல் ஆல்பத்தை ஒரே நாளில் பதிவுசெய்து முடித்த துறை இது. அங்கே நான்கு மாதம் எடுத்துக்கொள்வதே ஒரு கொள்கை அறிவிப்பு. சாபத் மேடை வாசிப்பை அப்படியே நாடாவில் பிடித்தது. மெட்டாலிகா ஒலியை அடுக்கடுக்காகக் கட்டியது. கிட்டார் வாசித்த ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் ஒரே ரிஃப்பை (கிட்டார் சொற்றொடரை) திரும்பத் திரும்ப, ஒரே அழுத்தத்தில், பெரும்பாலும் கீழ்நோக்கிய மீட்டலாகவே வாசித்து ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்தார். அந்த உழைப்பால் ரிஃப்புகளுக்கு விளிம்பு கூர்மையானது. நான்கு பேர் ஓர் அறையில் ஒருவரையொருவர் துரத்தி வாசிக்கும் பதற்றமோ குறைந்தது. ஆதாயமும் நட்டமும் ஒரே முறையிலிருந்து வந்தவை.

ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். தலைப்புப் பாடலின் தனி வாசிப்பில் கிர்க் ஹாம்மெட்டின் விரலடியில் கம்பி வழுக்கி, கிட்டார் கழுத்தின் ஓரத்துக்கு வெளியே போய்விட்டது. அதனால் பிறந்த விபரீதமான சுரத்தை அவர்கள் அழிக்கவில்லை. துல்லியத்தை வழிபட்ட பதிவு, தன் துல்லியம் தவறிய ஒரு கணத்தை மட்டும் தெரிந்தே வைத்துக்கொண்டது. அது நல்ல தீர்ப்பு.

இசையமைப்பில்தான் இந்த ஆல்பத்தின் உச்சம் இருக்கிறது. தலைப்புப் பாடலில் வரிகள் தொடங்கும் இடத்து ரிஃப்பை விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். மூன்று சுற்று நான்கு நான்காகச் சீராகப் போகும். நான்காவது சுற்று முழுமை பெறாமல் வெட்டுப்பட்டு, எண்ணிக்கை முதலுக்குத் திரும்பிவிடும். எவ்வளவு வெட்டுப்பட்டது என்பதில் தேர்ந்த வாசிப்பாளர்களுக்குள்ளேயே உடன்பாடு இல்லை. போதைக்கு அடிமைப்பட்டவனைப் பற்றிய பாடலில், கேட்பவரின் காலடியையே தாளம் இடறிவிடுகிறது. பொருளும் வடிவமும் இப்படி ஒன்றுபடுவது மெட்டலில் அபூர்வம். 8 நிமிடம் 35 விநாடி ஓடும் அப்பாடலின் நடுவே வரும் இரட்டைக் கிட்டார் பகுதியும் அலங்காரம் அல்ல. மறுபடி வரவிருக்கும் வன்மைக்கு அது அளவுகோலாகிறது.

ஆல்பம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் ஆட்டுவிப்போரும் ஆடுவோரும் என்ற ஒரே கரு ஓடுகிறது: போதை, மனநல விடுதி, போர்முனை, போலி மதபோதகர். ‘த திங் தட் ஷுட் நாட் பீ’ மட்டும் எழுத்தாளர் லவ்கிராஃப்டின் கடற்பூதத்தை அழைத்துவந்து இந்த வரிசையை விட்டு விலகுகிறது. கருவில் அது ஒட்டாது. ஆனால் ஒரு சுரம் முழுதாய்க் கீழிறக்கிய சுருதியால் ஒலிக்கட்டமைப்பில் முதல் பக்கத்துக்கு எடை சேர்க்கிறது. ‘லெப்பர் மெசையா’வுக்கு அந்தச் சமாதானமும் இல்லை, இரண்டாம் பக்கத்தின் இளைத்த பாடல் அதுவே. மென்மையான கிட்டாரில் தொடங்கி வெடிக்கும் முதல் பாடல், இரண்டாவதாகத் தலைப்புப் பாடல், நான்காவதாகத் தணிந்த பாடல், பின்பகுதியில் நீண்ட வாத்திய இசை என்ற அமைப்பு ‘ரைட் த லைட்னிங்’கிலிருந்து ஏறக்குறைய அப்படியே வந்தது. புதுமை குறைவு, நிறைவேற்றம் மேல்.

இனி தட்டு. 8 பாடல்கள் சுமார் 55 நிமிடம். முதல் பக்கம் ஏறத்தாழ 27, இரண்டாம் பக்கம் ஏறத்தாழ 28. உரத்த இசைக்கு ஒரு பக்கத்தில் 20 நிமிடத்தை ஒட்டி நிறுத்துவதே வசதி. ஒலி உரத்தால், தாழ்ந்த அதிர்வுகள் கூடினால், பள்ளம் அகலமாக அலையும். நிமிடங்கள் கூடக்கூடப் பள்ளங்களை நெருக்க வேண்டும். நெருக்க ஒலியளவைக் குறைக்க வேண்டும். நியூயார்க் ஸ்டெர்லிங் சவுண்டில் இதன் மாஸ்டரிங்கைச் செய்த ஜார்ஜ் மரினோ கைதேர்ந்தவர். ஆனால் இது திறமையால் தாண்டக்கூடிய எல்லை அல்ல, இயற்பியல்.

இரண்டாவது இடர் தட்டின் நடுவில் இருக்கிறது. நிமிடத்துக்கு 33⅓ சுழற்சியில் வெளிவிளிம்பில் ஊசியின் கீழ் பள்ளம் விநாடிக்குச் சுமார் 51 செ.மீ. ஓடும்; உள்விளிம்பில் 21 செ.மீ. அளவுக்குச் சுருங்கிவிடும். அதே ஒலியைப் பாதிக்கும் குறைவான நீளத்தில் எழுத வேண்டியிருப்பதால் முதலில் சிதறுவது உயர் அதிர்வுகள். பக்கத்தின் முடிவில் அமைதியான பாடலை வைப்பது ஆகையால்தான் பாதுகாப்பு. இங்கே முதல் பக்கத்தை முடிக்கும் ‘சானிட்டேரியம்’ மெல்லத் தொடங்கி, ஊசி உள்ளே போகப்போக உரக்கிறது. இரண்டாம் பக்கத்தை முடிக்கும் ‘டேமேஜ் இன்க்.’ ஆல்பத்தின் மிக ஆவேசமான பாடல். தட்டின் மிக மோசமான இடம் அதற்கு வாய்த்தது. நாடக அமைப்பு கேட்ட வரிசையைத் தட்டின் அமைப்பு தண்டித்தது.

எல்லாப் பழியையும் தட்டின்மேல் போடவும் கூடாது. கிளிஃப் பர்ட்டனின் பேஸ் கிட்டார் வாத்திய இசையான ‘ஓரியன்’ பாடலின் பல இடங்களிலும், பாக்கின் பாடல் ஒன்றைத் தழுவிய ‘டேமேஜ் இன்க்.’ முகப்பிலும் தலைமை ஏற்கிறது. வேகப் பாடல்களிலோ கிட்டார்களின் அடிப்பகுதியில் கரைந்துபோகிறது. அது மைக்கேல் வாகனரின் ஒலிக்கலவையிலேயே உள்ள குறை. எந்தப் பதிப்பில் கேட்டாலும் இருக்கும். 1988இல் வந்த ‘அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்’ பேஸையே காணாமல் அடித்ததோடு ஒப்பிட்டால் இது சிறு குறைதான். ஆனால் அடுத்ததன் பெரும்பிழை முந்தையதன் குறையை நீக்கிவிடாது.

அதே 1986இல் வந்த ஸ்லேயரின் ‘ரெயின் இன் பிளட்’ மொத்தமே சுமார் 29 நிமிடம். அந்த ஆல்பம் முழுதும் சேர்ந்து இதன் ஒரு பக்கத்துக்கு இணை. தட்டுக்குத் தோதான ஆல்பம் எது என்றால் ஸ்லேயருடையதே. ஆனால் ‘ஓரியன்’ போல எட்டு நிமிடத்துக்கு மேல் விரிந்து, இளைப்பாறி, மீண்டும் எழும் ஒன்றுக்கு அதில் இடமே இல்லை. தட்டின் அளவுக்குள் அடங்கியது ஒன்று; தட்டின் அளவோடு மல்லுக்கு நின்றது மற்றொன்று.

பின்னாளில் 45 சுழற்சியில் இரட்டைத் தட்டாக வந்த பதிப்பு ஒலியில் பெரும்பாலும் இந்த இடர்களைத் தீர்க்கிறது. பக்கத்துக்கு இரண்டே பாடல்கள். பள்ளத்துக்குத் தாராளமாக இடம். ஆனால் விலை உண்டு. ‘சானிட்டேரியம்’ முடிந்து ‘டிஸ்போசபிள் ஹீரோஸ்’ தொடங்குமுன் தட்டைத் திருப்பும் அந்த ஒரே இடைவெளிக்காகவே பாடல் வரிசை கட்டப்பட்டிருக்கிறது. நான்கு பக்கமாக்கினால் இடைவெளி மூன்றாகி, கட்டமைப்பு சிதறுகிறது. குறுந்தகட்டிலோ அந்த ஒன்றும் இல்லாமற்போகிறது.

ஆகவே தீர்ப்பு இதுதான். இசையமைப்பு முதல் தரம். பதிவு, பேஸ் நீங்கலாக, முதல் தரத்துக்கு மிக அருகில். முதல் வைனல் பதிப்பு ஒலித்தரத்தில் இரண்டாம் தரம். வடிவத்தைக் காப்பதில் முதல் தரம். ஒலிக்காகக் கேட்பவர் 45 சுழற்சிப் பதிப்பைத் தேடுவது சரி. படைப்பை மதிப்பிட விரும்புகிறவர் ஒற்றைத் தட்டையே சுழலவிட வேண்டும். உள்விளிம்பில் கேட்கும் சிதறலையும் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும்.