கால் வைக்கிற இடம்

பைக்குக்கு ஃபுட்ரெஸ்ட் வாங்கப் போனால் நான் முதலில் பார்ப்பது அது மடங்கும் மூட்டைத்தான். மேலே பல் எப்படி வெட்டியிருக்கிறது, என்ன நிறம் என்பதெல்லாம் பிறகு. மூட்டைக் கோக்கும் ‘பின்’ போகிற ஓட்டைக்குள் சுண்டுவிரல் நுனியை விட்டுத் தடவுவேன். உட்சுவர் வழவழவென்று இருந்தால் செய்தவர் அக்கறையோடு செய்திருக்கிறார் என்று அர்த்தம். சொரசொரத்தால் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுவேன். மூட்டின் உயரம் இரண்டு சென்டிமீட்டர், அதிலிருந்து நுனிவரை பத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். மூட்டில் கால் மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தால் நுனியில் அது ஐந்து மடங்காகிவிடும். நாள் முழுக்க வண்டியில் இருக்கிறவனின் பாதம் அந்த ஆட்டத்தை விடாமல் உணர்ந்துகொண்டே இருக்கும்.

என்னிடம் இருப்பது 2016-இல் வந்த 411 சிசி ஹிமாலயன். அதில் கம்பெனியே கொடுத்த ஃபுட்ரெஸ்ட் ஒரு நல்ல யோசனை. பல் வைத்த இரும்பு, அதன் நடுவே கழற்றக்கூடிய ரப்பர். ஊருக்குள் ஓட்டும்போது ரப்பர் இருக்கட்டும். ஒற்றை சிலிண்டர் எஞ்சினின் அதிர்வைப் பாதத்துக்கு விடாமல் அது வாங்கிக்கொள்ளும். சேற்றுப் பாதை என்றால் ரப்பரைக் கழற்றிவிடலாம், பல் பூட்ஸைக் கவ்விக்கொள்ளும். அதிலேயே சில வருஷம் திருப்தியாக ஓட்டினேன். மோசமான பாதையில் எழுந்து நின்றபடியே ஒரு மணி நேரம் போன அன்றுதான் அதன் அகலம் போதவில்லை என்று உறைத்தது. உடம்பின் எடை முழுவதும் உள்ளங்காலின் குழிவில் ஒரு கோடாக இறங்கியது. வண்டியை நிறுத்திய பிறகும் அந்தக் கோடு வலித்துக்கொண்டிருந்தது.

அப்படியென்றால் அகலமானதை வாங்கினால் தீர்ந்தது என்று தோன்றும். அதற்கும் ஓர் எல்லை உண்டு. என் கணக்கில் ஆறு சென்டிமீட்டர் தாண்டக் கூடாது. தாண்டினால் சிக்னலில் காலைக் கீழே ஊன்றும் ஒவ்வொரு முறையும் கெண்டைக்காலில் இடிக்கும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம்மில் பாதிப்பேர் செருப்புப் போட்டுத்தான் வண்டி ஓட்டுகிறோம். கூரான பல் வைத்த ஃபுட்ரெஸ்ட் மெல்லிய ரப்பர் செருப்பைத் துளைத்துப் பாதத்தைக் குத்தும். தினம் செருப்போடு கடைக்கும் ஆபீஸுக்கும் போகிற வண்டிக்கு ரப்பரே அழகு, அதை மாற்றவே வேண்டாம்.

உலோகத்தில் நான் ஒரு முறை ஏமாந்தேன். நீல நிறத்தில் பளபளத்த வார்ப்பு அலுமினியம் ஒரு ஜோடி வாங்கி மாட்டினேன். நின்றிருந்த வண்டி ஒரு நாள் பக்கவாட்டில் சாய்ந்தது. ஃபுட்ரெஸ்ட் பாதியில் ஒடிந்து கையோடு வந்துவிட்டது. ஒடிந்த முகத்தைப் பார்த்தால் உள்ளே ஆப்பத்தின் நடுப்பகுதிபோல ஓட்டை ஓட்டையாகக் காற்றுக் குமிழிகள். நல்ல அலுமினியத்தைக் கடைந்து செய்தது அப்படி ஒடியாது, அது வேறு ஜாதி. ஆனாலும் என் மனம் இரும்பின் பக்கம்தான். இரும்பு விழுந்தால் முதலில் வளையும், வீடு வந்து சேரும்வரை கால் வைக்க இடம் கொடுக்கும். இப்போது ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் மெழுகு வார்ப்பு முறையில் செய்தவை கிடைக்கின்றன. மெழுகில் உருவம் செய்து, அதைச் சுற்றி அச்சுக் கட்டி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிற முறை. சுவாமிமலையில் பஞ்சலோகச் சிலை வார்க்கிற அதே அடிப்படை. நான் பார்த்த ஜோடியில் ஒவ்வொரு பல்லும் தனித்தனியாக, விளிம்பு மழுங்காமல் வந்திருந்தது. கையில் எடுத்தபோது வைக்க மனம் வரவில்லை, வாங்கிவிட்டேன்.

அந்த ஜோடியில் ஒரு குறை இருந்தது. ஓட்டை என் வண்டிப் பின்னுக்குக் கொஞ்சம் பெரியது. கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறைக்கு எடுத்துப் போனேன். பட்டறை அண்ணன் வெர்னியரை வைத்து மூன்று இடத்தில் அளந்தார். ஓட்டையை ரீமர் விட்டுச் சீராக்கினார். கன்மெட்டல் கம்பியில் ஒரு சின்ன புஷ் கடைந்து இறுக்கி ஏற்றினார். அதன்பின் ஸ்டெயின்லெஸ் கம்பியில் புதுப் பின் ஒன்று. அதைக் கடைவதும் புஷ்ஷுக்குள் விட்டுப் பார்ப்பதும் எடுத்துத் துடைப்பதும் மறுபடி உப்புத்தாளால் ஒரு தேய்ப்புமாக நேரம் போனது. கடைசியில் ஒரு சொட்டு எண்ணெய் தடவி, பின்னை மேலிருந்து விட்டார். தேன் இறங்குகிற வேகத்தில் அது இறங்கியது. "பாத்தீங்களா தம்பி, தட்டி எறக்கவும் கூடாது, தானா விழவும் கூடாதுங்க" என்றார்.

ஃபுட்ரெஸ்ட் முட்டி நிற்கிற இடத்தில் ஒரு சிட்டிகை வெல்டிங் வைத்து, அரம் போட்டு, நுனி ஓர் இம்மி மேலே பார்க்கிற மாதிரியும் செய்து கொடுத்தார். அந்த இடம் தேய்ந்தால் நுனி தொங்கிவிடும், கால் வெளிப்பக்கமாக வழுக்கும். மடங்கும்போது மேல்நோக்கியும் பின்நோக்கியும் சரிவாக மடங்குவதை மட்டும் தொடவே கூடாது. வண்டி வளைவில் சாயும்போது தரையோ கல்லோ ஃபுட்ரெஸ்டில் பட்டால் அது விட்டுக்கொடுத்து மடங்க வேண்டும். மடங்காத ஃபுட்ரெஸ்ட் நெம்புகோலாகி டயரையே தரையிலிருந்து தூக்கிவிடும். உயரம் குறைந்த வண்டிகளில் இதற்கு இன்னும் கவனம் தேவை.

புது ஜோடி பழையதைவிட இரண்டு சென்டிமீட்டர் தாழ இருந்தது. உயரமானவனான எனக்கு முழங்கால் மடக்கம் தளர்ந்தது. கியர் லீவரையும் பிரேக் பெடலையும் அதே அளவு இறக்கினேன், பிரேக் லைட் சுவிட்சையும் சரிசெய்தேன்.

அடுத்த வாரம் ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறினேன். 40 கொண்டை ஊசி வளைவுகள், மேலே போகப் போக மழை. தேயிலைத் தோட்டத்து மண் பாதையில் எழுந்து நின்று ஓட்டினேன். முழங்கால்களைத் தளர்த்திவிட்டால் வண்டி கீழே தன்போக்கில் ஆடும், நாம் மேலே நிமிர்ந்து நிற்கலாம். வழுக்குகிற வளைவில் வெளிப்பக்கக் காலால் அழுத்தினேன். வண்டி பிடிப்போடு திரும்பியது. பல்லுக்கு நடுவே இருந்த இடைவெளி வழியாகச் சேறு தானாகக் கீழே விழுந்துகொண்டே வந்தது.

அறைக்கு வந்து இறங்கியதும் குனிந்து, சேறு அப்பிய ஃபுட்ரெஸ்டை ஒரு விரலால் மடக்கி விட்டேன். ‘டக்’கென்று திரும்பி வந்து நின்றது. இன்னொரு முறையும் மடக்கி விட்டேன்.