பாணந்துறைக் குரங்கும் கோப்பாய் ரெலிபோனும்

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு கைவைக்க, இலங்கை முழுவதும் கரண்ட் போனது. எரிசக்தி அமைச்சரே சொன்ன காரணம் அது. வெளிநாட்டுப் பத்திரிகைகள் எல்லாம் எழுதிச் சிரித்தன. யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. மூன்று கிழமைக்கு முன் நான் ஆசையாக வாங்கி வைத்த கோட்லெஸ் போன் அன்றைக்குத்தான் தன் குணத்தைக் காட்டியது.

இந்தக் காலத்தில் வீட்டுப் போன் எதற்கு என்று கேட்பவர்கள் எங்கள் அம்மாவைப் பார்த்ததில்லை. அவவுக்கு எண்பத்திரண்டு வயது. ஸ்மார்ட் போனின் கண்ணாடியில் அவவின் காய்ந்த விரல் எத்தனை தரம் தட்டினாலும் அது கவனிக்காது; கவனித்தால் வேறு யாருக்கோ வீடியோ கோல் போகும். லண்டனில் அக்கா, ரொறன்ரோவில் அண்ணா, பாரிசில் சித்தப்பாவின் பிள்ளைகள் எல்லோருக்கும் மனப்பாடமாகத் தெரிந்த ஒரே இலக்கம் 021-இல் தொடங்கும் வீட்டு இலக்கந்தான். போன் இருப்பது ஹோல் மூலையில். அம்மா இருப்பது குசினியில், இல்லாவிட்டால் கிணற்றடியில். மணி அடித்ததும் ஓடிவர வெளிக்கிட்டு, மார்கழியில் ஒருநாள் நிலைப்படியில் கால் தடக்கிவிட்டது. முறிவு இல்லை, முழங்கால் வீக்கம் மட்டும். அன்றைக்கே கோட்லெஸ் வாங்குவதென்று முடிவெடுத்தேன்.

உண்மையில் வீட்டில் ஒரு கோட்லெஸ் ஏற்கெனவே இருந்தது. ரொறன்ரோவிலிருந்து வந்த மச்சான் ஒருவர் பெட்டி பிரிக்காமல் கொண்டுவந்து தந்தது. புலம்பெயர்ந்த உறவுகள் உள்ள எந்த வீட்டு அலமாரியிலும் இப்படி ஒன்று கிடக்கும், ஆகவே இதை விரிவாகவே சொல்கிறேன். கனடாவில் 120 வோல்ற், இங்கே 230. அடப்ரரைச் சுவரில் செருகி ஒரு நிமிடம் ஆகவில்லை, கருகின மணம். அடப்ரரை மாற்றினாலும் அந்தப் போனை இங்கே பாவிக்கக் கூடாது. வட அமெரிக்காவில் ‘டெக்ற் 6.0’ என்று விற்கிற போன்கள் 1920 முதல் 1930 மெகாஹேர்ட்ஸ் வரை பேசுகின்றன. நம் நாட்டில் அது மொபைல் கொம்பனிகள் 3ஜி-க்கு எடுத்த பட்டையின் ஒரு துண்டு. அடுத்த வீட்டுக்காரரின் மொபைலுக்கு நீங்கள் இடைஞ்சல் செய்வீர்கள், அவர் உங்களுக்குச் செய்வார். ஐரோப்பிய டெக்ற் ஓடுவது 1880 முதல் 1900 வரை. லண்டன் அக்கா, ஜேர்மன் மாமா கொண்டுவந்தால் வாங்கி வையுங்கள். கனடா மச்சானிடம் சொக்கிலேற் மட்டும் வாங்குங்கள்.

ஆகவே ரவுனுக்குப் போனேன். நான் வாங்கிய கடை மின்சார நிலைய வீதியில் இருந்தது. அந்த வீதியின் பெயர் எனக்கு ஒரு எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும். போனின் பெயரை இங்கே எழுதவில்லை. நான் சொல்லப்போகிற குறை இந்தக் கொம்பனியின் குறை அல்ல, கோட்லெஸ் என்ற இனத்தின் குறை. ஒரு கொம்பனியைத் திட்டினால் மற்றக் கொம்பனிகள் நல்லவை என்று ஆகிவிடும்.

திரை, வெளிச்சம், எத்தனை இலக்கம் பதியலாம் என்பதெல்லாம் பெட்டியில் இருக்கிறது. ஒன்று மட்டும் சொல்லவேண்டும். வீட்டுக்குள் 50 மீற்றர், வெளியில் 300 மீற்றர் என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். அந்த 300, வல்லை வெளியில் நடுவே, ஹான்ட்செற் குந்தும் பேஸை வைத்துவிட்டு நடந்துபோனால் கிடைக்கும். எங்கள் வீடு ஐம்பதுகளில் கட்டியது. சுண்ணாம்புக்கல் சுவர், ஒன்றரை அடி தடிப்பு. ஹோலில் பேஸை வைத்தால் குசினிக்குள் குரல் வெட்டி வெட்டி வந்தது. பேஸைத் தூக்கிப் பின் விறாந்தை யன்னலோடு வைத்தேன், யன்னல் வழியாகக் கிணற்றடி வரை குரல் பளிச்சென்று போனது. தகரக் கூரை போட்ட குளியலறைக்குள் மட்டும் ஒன்றும் இல்லை. அங்கே ஒருவருக்கும் கதை தேவையில்லை. கல்வீட்டுக்காரர்கள் பேஸை எப்போதும் யன்னலோடு வையுங்கள். மலிவாக இருக்கிறதே என்று 2.4 கிகாஹேர்ட்ஸ் போனை எடுத்துவிடாதீர்கள். அது வைபை றவுட்டரோடு சண்டை பிடிக்கும். டெக்ற் பிடிக்காது.

முதல் இரண்டு கிழமை தேன்நிலவு. அம்மா ஹான்ட்செற்றைச் சேலைக் கொசுவத்தில் செருகிக்கொண்டு கிணற்றடியில் நின்று அண்ணாவோடு கதைத்தா. ரொறன்ரோவில் சனி இரவு பத்து மணி, இங்கே ஞாயிறு காலை எட்டரை. துலாக் கிணறு போய் மோட்டர் வந்து எத்தனையோ வருடமாகிவிட்டது. ஆனால் அந்தக் கிணற்றுக் கட்டில் குந்தியிருந்து தன் மகனோடு கதைப்பது அவவுக்கு அதுதான் முதல் தரம். “தம்பி, பின்னாலை காகம் கத்துறது கேக்குதோ?” என்று கேட்டா. கேட்டதாம். அதற்கே போனுக்குக் கொடுத்த காசு சரி என்று நினைத்தேன்.

எதிர்பாராத சந்தோசம் இன்னொன்று, பேஸில் இருக்கிற தேடும் பொத்தான். விளம்பரத்தில் இதைப் பெரிதாகப் போடமாட்டார்கள். அதை அமத்தினால் ஹான்ட்செற் எங்கே கிடந்தாலும் கூவும். அரிசிமா வாளிக்குள்ளிருந்து, தலையணைக்குக் கீழிருந்து, ஒருமுறை பூசை அறையில் பிள்ளையாருக்குப் பின்னாலிருந்து அது கூவியது. ஒரு நாளைக்கு மூன்று தரமாவது அந்தப் பொத்தானை அமத்துகிறேன்.

எரிச்சலும் ஒன்று இருக்கிறது. உள்ளே போடுவது இரண்டு சின்ன, ட்ரிப்பிள் ஏ அளவு சார்ஜ் பற்றறி, நிக்கல் மெற்றல் ஹைட்ரைட் வகை. கூட வருவது நன்றாகத்தான் வேலை செய்கிறது. மேலதிகமாக ஒரு சோடி வாங்கப் போனால் 1800, 2000 மில்லி அம்பியர் மணி என்று பெரிய எழுத்தில் அச்சடித்தவற்றை எடுத்துத் தருகிறார்கள். அந்தச் சின்ன உருளைக்குள் 1100-க்கு மேல் பிடிக்காது. 2000 என்று போட்டால் அது பற்றறி அல்ல, கதைப்புத்தகம். 700, 750 என்று அடக்கமாக எழுதியிருப்பதை எடுங்கள், அது உண்மை சொல்கிறது. ரிமோட்டுக்குப் போடும் சாதாரணப் பற்றறியை ஒருக்காலும் போடாதீர்கள். பேஸ் அதையும் சார்ஜ் பண்ணப் பார்க்கும், அது ஒழுகி உள்ளே எல்லாவற்றையும் அரித்துவிடும்.

இனி அந்த ஞாயிறு.

பதினொன்றரைக்குக் கிட்ட கரண்ட் போனது. நான் நெல்லியடியில் ஒரு அந்தியேட்டி வீட்டில் இருந்தேன், மொபைல் சத்தமில்லாமல் சட்டைப் பைக்குள். அக்கா வழக்கமாக ஞாயிறு லண்டனில் காலை எட்டு மணிக்கு எடுப்பா. இங்கே மத்தியானம் ஒன்றரை. எடுத்தா. மணி அடிக்கிறது. ஒருவரும் தூக்கவில்லை. திரும்ப எடுத்தா. அதே மணி. முழங்கால் வீங்கின அம்மா, வீட்டில் தனிய, போன் பத்துத் தரம் அடிக்கிறது, ஆள் எடுக்கவில்லை. அக்காவின் நெஞ்சு எப்படி அடித்திருக்கும்?

எனக்குப் பதினான்கு மிஸ்ட் கோல். பதினைந்தாவதை எடுத்தேன். “தம்பி, அம்மா எங்கை? என்ன நடந்தது? மறைக்காமல் சொல்லு.” பின்வளவு மாமியை ஓடிப்போய்ப் பார்க்கச் சொன்னேன். மாமி போனபோது அம்மா விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் காலை நீட்டிக்கொண்டு பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தாவாம். பக்கத்தில் ஹான்ட்செற், முழுச் சார்ஜோடு. “போன் அடிக்கேல்லையே பிள்ளை. நான் அவளின்ரை கோலுக்குத்தான் பாத்துக்கொண்டிருக்கிறன்.”

இரண்டு பேரும் சொன்னது உண்மை. அக்காவுக்கு மணி அடித்தது, அம்மாவுக்கு அடிக்கவில்லை. எங்கள் லைன் இன்னமும் செம்புக் கம்பி. ரெலிபோன் எக்ஸ்சேஞ்ச் தன் சொந்தப் பற்றறியிலிருந்து அந்தக் கம்பியில் 48 வோல்ற் அனுப்பிக்கொண்டே இருக்கும். ஊரெல்லாம் இருட்டானாலும் அது வரும். மணியும் வரும். ஆனால் கோட்லெஸின் பேஸ் சுவர்க் கரண்டில் இயங்கும் ஒரு குட்டி வானொலி நிலையம். கரண்ட் இல்லாவிட்டால் வாசலுக்கு வந்த மணியை வாங்கி உள்ளே சொல்ல ஆளில்லை. ஹான்ட்செற்றின் பற்றறி நிறைந்திருப்பது, வேலைக்காரன் செத்த வீட்டில் எசமான் முழு உடுப்போடு காத்திருப்பதுபோல.

இதில் எனக்கு வந்த கோபத்துக்கு வேறு காரணமும் உண்டு. கரண்ட் இல்லாமல் இருப்பது எப்படி என்று யாழ்ப்பாணத்தானுக்கு வேறு ஊரார் சொல்லித்தர வேண்டியதில்லை. தொண்ணூறுகளில் வருடக்கணக்காகக் கரண்ட் இல்லை, பற்றறி கொண்டுவரத் தடை. சைக்கிளைத் தலைகீழாகப் போட்டு, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் பிபிசி தமிழோசை கேட்ட ஊர் இது. பின்னாளில் வந்த சிடிஎம்ஏ போன்கூட, மேசையில் கொம்பு நீட்டிக்கொண்டு இருந்த அந்த அவலட்சணச் சாமான்கூட, வயிற்றுக்குள் பற்றறியோடு வந்தது. கரண்ட் போனால் அது மணிக்கணக்காக நின்றுபிடித்தது. அதற்குப் பிறகு வந்த, விலை கூடிய, அழகான சாமானுக்கு அந்தப் புத்தி இல்லை.

இல்லை என்று முழுக்கச் சொல்லவும் முடியாது. பனசோனிக் சில மாடல்களில் இதற்கு ஒரு வழி செய்திருக்கிறது. கரண்ட் போனதும் பேஸில் குந்தியிருக்கும் ஹான்ட்செற்றின் பற்றறியே பேஸுக்கு உயிர் கொடுக்கும். ஸ்பீக்கரில் கதைக்கலாம், இன்னொரு ஹான்ட்செற் இருந்தால் அதில் கதைக்கலாம். எங்கள் வீட்டில் ஐயா வைத்திருந்த நசனல் றேடியோவின் வாரிசுகள் செய்த வேலை என்பதால் இதில் எனக்குக் கொஞ்சம் பட்சபாதமும் உண்டு. ரவுனில் நாலு கடையில் கேட்டேன். “அண்ணை, அந்த மொடல் இஞ்சை வாறேல்லை” என்றுதான் பதில். வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்கிறவர்கள் பெட்டியில் இந்த வசதி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், முன்னே சொன்ன அலைவரிசைக் கதையையும் மறக்காமல்.

அன்று இரவே பழைய வயர்ப் போனைப் பெட்டிக்குள்ளிருந்து தூசி தட்டி எடுத்தேன். லைனை இரண்டாகப் பிரிக்கும் சின்னச் சொக்கெற் ஒன்று, பத்து மீற்றர் வயர். ஒரு காலில் கோட்லெஸ் பேஸ், மற்றக் காலில் பழைய போன், அம்மாவின் கட்டில் தலைமாட்டில். அடுத்த இரண்டு நாளும் சுழற்சி முறையில் ஒன்றரை மணித்தியாலம் மின்வெட்டு வந்தது, பரீட்சைக்கு வசதியாக. இருட்டில் பழைய போன் அடித்தது. அம்மா எடுத்தா. வைத்த பிறகு சொன்னா: “இது போன். மற்றது விளையாட்டுச் சாமான்.”

எனக்கு மனம் ஆறவில்லை. 2022-இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டின காலத்தில் றவுட்டருக்கென்று ஊரெல்லாம் வந்த குட்டி யூபிஎஸ் ஒன்று வாங்கினேன். அதில் 5, 9, 12 வோல்ற் வாய்கள். என் பேஸின் அடப்ரரில் எழுதியிருந்தது 6.5. ஐந்தில் பேஸ் கண் திறக்காது, ஒன்பதில் திறந்து மூடிவிடும். றேடியோ திருத்துகிற பெடியன் ஒருவன் தீப்பெட்டியில் பாதி அளவுச் சேர்க்கிற் ஒன்றைப் பூட்டி ஒன்பதை ஆறரை ஆக்கித் தந்தான். சுவர் பிளக்கைக் கழற்றி வைத்துப் பார்த்தேன். ஐந்து மணித்தியாலம் தாண்டியும் பேஸின் பச்சை லைற் அணையவில்லை.

இப்போது போனைப் பற்றி எனக்கு வேறு முறைப்பாடு இல்லை. வாங்கலாம். ஆனால் செம்புக் கம்பி உள்ளவர்கள் பழைய வயர்ப் போனைக் கழற்றி எறிய வேண்டாம். கண்ணாடி இழை லைனுக்கு மாறினவர்களுக்கு அந்தப் பழைய போனும் கைகொடுக்காது. இழையில் 48 வோல்ற் வராது. போன் வயர் போவது சுவரில் மினுங்கும் பெட்டிக்குள், அந்தப் பெட்டிக்கும் கரண்ட் வேண்டும். பெட்டிக்கு ஒரு யூபிஎஸ், பேஸுக்கு ஒன்று. எங்கள் ஒழுங்கைக்கும் இழை வந்துவிட்டது. மாறச் சொல்லி வந்த பெடியனிடம் கரண்ட் போனால் என்ன செய்யும் என்று கேட்டேன். “அண்ணை, கரண்ட் போனா எல்லாருக்கும் போறதுதானே” என்றான்.

கோட்லெஸ் வாங்கக் கடைக்குப் போகிறவர்கள் முதலில் பேஸின் அடப்ரரைக் கையில் எடுத்து, அதில் எத்தனை வோல்ற் என்று வாசியுங்கள். அந்த வோல்ற் தருகிற குட்டி யூபிஎஸ் அதே கடையில் இருக்கிறதா என்று கேளுங்கள். நிறத்தைப் பிறகு பார்க்கலாம்.