நூற்றொகைப் பொருள் தலைப்புகளில் மக்கட்பெயர்கள்

கொல்கத்தாவின் பெல்வெடேர் வளாகத்தில் இயங்கும் மையப் பார்வை நூலகம் தொகுக்கும் இந்திய தேசிய நூற்றொகை, 1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டத்தின்கீழ்த் தேசிய நூலகத்திற்கு வந்துசேரும் நூல்களைப் பதிவு செய்கிறது. நூல் தமிழாயினும் வங்கமாயினும் பதிவு உரோமன் எழுத்தில் அமையும். பொருள் தலைப்பு ஆங்கிலச் சொல்லாக இருக்கும். நூலின் பெயர் ஆசிரியருடையது; அதனை மாற்றப் பட்டியலாளருக்கு உரிமையில்லை. பொருள் தலைப்போ நூலகத்தின் சொந்தக் கூற்று. இவ்வேறுபாடு பெரும்பாலும் மறக்கப்பட்டுவிடுகிறது.

வங்கச் சான்று ஒன்று இதனைத் தெளிவாக்கும். மனோரஞ்சன் பியாபாரி தம் தன்வரலாற்றிற்கு 'இதிபிருத்தே சண்டால் ஜீபன்' எனப் பெயரிட்டார். சண்டாளர் என்பது அவர் பிறந்த நமசூத்திர சமூகத்தைப் பிறர் இழித்தழைத்த பெயர். அச்சமூகத்தாரின் நெடுநாள் வேண்டுகோளுக்குப்பின் 1911ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் அப்பெயர் நீங்கி நமசூத்திரர் என்பதே நின்றது. சமூகம் விலக்கிய சொல்லை ஆசிரியர் மீண்டும் எடுத்தாள்வது எதிர்ப்பு. அதனையே பட்டியலாளர் பொருள் தலைப்பாக்கினால் அது வசை. சொல் ஒன்றே, கூறுவோர் வேறு. அகராதிப் பொருளை மட்டும் நோக்கும் பட்டியல் விதி எதுவும் இதனைப் பிடித்துக்கொள்ள இயலாது.

சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் வகைப்பாட்டுச் சொற்களுக்கு வகுத்த நெறிகளுள் இரண்டு ஈண்டு நோக்கத்தக்கன. சொல் அத்துறை வல்லாரிடையே நடப்பு வழக்கில் உள்ளதாக இருத்தல் வேண்டும் என்பது ஒன்று. சொல் மதிப்பீட்டுக் கருத்தை ஏற்றதாக இருத்தலாகாது என்னும் அடக்க நெறி மற்றொன்று. இரண்டும் சிறந்தவையே. ஆனால் 'துறை வல்லார்' யாவர்? ஒரு மக்கட்பிரிவைப் பற்றி எழுதும் அறிஞரா, அப்பிரிவினரா? இவ்வினாவை முதல் நெறி எழுப்புவதில்லை. காலனியாட்சிக்கால மானிடவியலாளரின் நடப்பு வழக்கே பல தலைப்புகளுக்கு ஊற்றாக அமைந்ததன் காரணமும் இதுவே. தேசிய நூற்றொகை தொடக்கத்தில் பின்பற்றிய சங்கிலி முறையில் வகை எண்ணின் ஒவ்வொரு கண்ணியும் ஒரு சொல்லடைவுப் பதிவாகும். ஆதலின் வகைப்பாட்டு அட்டவணையில் ஒரு சொல் பழுதானால் அடைவு முழுதும் அப்பழுது பரவும்.

அமெரிக்கக் காங்கிரசு நூலகத்தின் தலைப்புப் பட்டியலைச் சான்போர்டு பெர்மன் 1971இல் நூல் வடிவில் கடுமையாகத் திறனாய்ந்தார். அப்பட்டியலில் நெடுங்காலம் நின்ற 'தீண்டத்தகாதோர்' என்னும் பொருளுடைய ஆங்கிலத் தலைப்பு பின்னர்த் 'தலித்துகள்' என மாறியது. மாற்றம் வேண்டப்பட்டதே. 'தீண்டாமை' ஒரு வழக்கத்தைக் குறிப்பது. அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவே அச்சொல்லை ஆள்கிறது. ஆய்வுப் பொருளாக அது நிற்கலாம். 'தீண்டத்தகாதோர்' என்பதோ தீண்ட மறுத்தவனின் விதியை மறுக்கப்பட்டவரின் பண்பாக ஏற்றிவிடுகிறது. தமிழில் 'தாழ்ந்தோர்', 'தாழ்த்தப்பட்டோர்' என்னும் இரண்டிற்கும் இடையே இதனையொத்த வேறுபாடு உண்டு. முன்னது தன்வினை, பின்னதன் செயப்பாட்டு வடிவம் தாழ்த்தியவர் ஒருவர் உண்டு என்பதை உணர்த்துகிறது. மொழிபெயர்ப்பாளர் பலர் இவற்றை ஒன்றன் இடத்தில் மற்றொன்றாக வழங்குதல் வருந்தத்தக்கது.

வசைச்சொல் நீங்கினால் சிக்கல் தீர்ந்ததாகக் கொள்வதற்கில்லை. 'அரிசனர்' இழிசொல் அன்று; எனினும் 1938இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் அப்பெயரை எதிர்த்து அம்பேத்கரும் அவர் கட்சியினரும் வெளிநடப்புச் செய்தனர். புகழ்ச்சியும் பிறர் சூட்டுவதாயின் அடக்க நெறிக்கு மாறானதே. சென்னை மாகாண அரசு 1922இல் ஏற்ற 'ஆதி திராவிடர்' அம்மக்களின் இயக்கத்திலிருந்து எழுந்தது. ஆனால் இன்றைய தமிழ்நாட்டில் அது பொதுப்பெயராகவும் அட்டவணையில் உள்ள ஒரு தனிச் சாதியின் பெயராகவும் வழங்குவதால் தலைப்பில் மயக்கம் தருகிறது.

இவற்றினும் சிக்கலானது 'பட்டியல் சாதியினர்' என்பது. தலித் என்பதற்கு மாற்றாக இச்சட்டச் சொல்லையே ஆளுமாறு 2018இல் நடுவண் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் தனியார் தொலைக்காட்சிகளுக்கு அறிவுரை வழங்கியது. இரண்டும் ஒருபொருட் சொற்கள் அல்ல. 1950ஆம் ஆண்டு ஆணையும் 1956, 1990ஆம் ஆண்டுத் திருத்தங்களும் இந்து, சீக்கிய, பௌத்த சமயத்தாரை மட்டுமே பட்டியலுக்குள் கொள்கின்றன. தலித் கிறித்தவர் பற்றிய நூலைப் 'பட்டியல் சாதியினர்' என்னும் தலைப்பில் வைத்தல் நாகரிகம் போலத் தோன்றினும் பொருட்பிழையாகும். அந்நூல் எதற்காக வாதிடுகிறதோ அதனையே தலைப்பு மறைத்துவிடும்.

பழஞ்சொற்களை அடியோடு அழித்தலும் தகாது. 1911க்கு முந்தைய வங்க ஆவணங்களைத் தேடுவோர் அக்காலச் சொல்லைக்கொண்டே தேடுவர். அச்சொல் 'பார்க்க' என்னும் சுட்டாக மட்டும் நிற்கலாம்; அதன்கீழ் எந்நூலும் தொகுக்கப்படலாகாது. ஒவ்வொரு தலைப்பிற்கும் அதன் ஆட்சிக்காலம், வழங்கும் வட்டாரம், பெயரிட்டோர் யாவர் என்பன குறிப்பாக இடம்பெறல் வேண்டும். தமிழ், வங்கப் பதிவுகளில் அவ்வம்மொழிச் சொல்லே அம்மொழி எழுத்தில் தேடு சொல்லாதல் வேண்டும். 'சீர்மரபினர்' என்று தேடும் தமிழ் வாசகர், 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் சூட்டிய ஆங்கிலப் பெயரின் வழியாகத்தான் தம் முன்னோரைப் பற்றிய நூலை அடைய வேண்டும் என்னும் நிலை இருத்தலாகாது.