பஞ்சத்துக்குப் பெயர் வைப்பது யார்?

2022 நவம்பர் 30இல் ஜெர்மன் நாடாளுமன்றம், 1932–33இல் ஸ்டாலின் ஆட்சியில் உக்ரைன் மக்களைக் கொன்ற ‘ஹோலோடோமோர்’ பஞ்சத்தை இனப்படுகொலை என்று அறிவித்தது. அப்போது ருஷ்யப் படை உக்ரைனுக்குள் நுழைந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது. உக்ரைன் நாடாளுமன்றம் 2006இலேயே இப்படி அறிவித்துவிட்டது. அன்று கேட்காத காது 2022இல் எப்படித் திறந்தது? கொள்முதல் என்ற பெயரில் தானியத்தைப் பறித்ததும், 1933 ஜனவரியில் பசித்த விவசாயிகளை ஊரைவிட்டு வெளியேறவிடாமல் தடுத்ததும் புதிய கண்டுபிடிப்புகள் அல்ல. செத்தவர்களுக்கு நியாயம் கிடைக்கட்டும். ஆனால் அதற்குத் தேதி குறித்தது யுத்தம் என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். இதே ஜெர்மனி 2024 ஜனவரியில், காஸா தொடர்பாகத் தென்னாப்பிரிக்கா தொடுத்த இனப்படுகொலை வழக்கில் இஸ்ரேல் பக்கம் நிற்பதாக அறிவித்தது. எதிரியின் பழைய பஞ்சம் கண்ணுக்குத் தெரிகிறது. நண்பனின் முற்றுகை தெரிவதில்லை.

ஐரோப்பாவுக்குப் பனியன் தைத்து அனுப்பும் திருப்பூரில் இருந்துகொண்டு இதையெல்லாம் படிக்கும்போது எனக்குத் தாது வருஷம் ஞாபகம் வருகிறது. 1876–78 பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் பல லட்சம் பேர் மாண்டார்கள். கோயம்புத்தூர் ஜில்லாவும் தப்பவில்லை. மழை பொய்த்தது நிஜம். ஆனால் 1860களிலேயே திருப்பூர் வழியாக ரயில் ஓடியது. பஞ்ச காலத்திலும் இந்தியாவிலிருந்து தானியம் கப்பலேறியது. 1873–74இல் பீகாரில் பர்மா அரிசியை இறக்கிச் சாவைத் தடுத்தவர் ரிச்சர்ட் டெம்பிள். ‘செலவு ஜாஸ்தி’ என்று வசை வாங்கிய அதே மனிதர், 1877இல் மதராஸுக்கு வந்து, நிவாரண வேலைக் கூலியை ஆளுக்கு ஒரு பவுண்டு தானியமும் சொற்பக் காசும் என்று குறைத்தார். சுகாதார அதிகாரி கார்னிஷ் இது பட்டினிக் கூலி என்று எதிர்த்தார். ஆக, காப்பாற்றும் வழி அரசுக்குத் தெரியாமல் இல்லை.

இதை இனப்படுகொலை எனலாமா? 1948 ஐ.நா. உடன்படிக்கை, ஓர் இனத்தையோ மதக் குழுவையோ அழிக்கும் நோக்கம் இருந்ததா என்று கேட்கிறது. லிட்டன் பிரபுவின் நிர்வாகம் சுலபமாகத் தப்பித்துவிடும்: ‘கொல்லணும்னு நெனைக்கல, சந்தையில கை வைக்க வேணாம்னுதான் நெனைச்சோம்.’ கணக்குப் பார்த்தே கொல்லும் ஆட்சிக்கு அந்தச் சட்டத்தில் பெயரே இல்லை. என் வாதம் இதுதான். அரசுகளின் அங்கீகாரத்துக்காகக் காத்திருப்பது, அவை போட்டுவைத்த சொல்லாடலுக்குள்ளேயே நம் சாவுகளை அடைப்பதாகும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. ‘வெள்ளைக்காரன் செய்த இனப்படுகொலை’ என்று முடித்துவிட்டால் நம்மூர் தானியக் குழிகள் தப்பித்துக்கொள்ளும். முதலில் செத்தது நிலமில்லாத கூலிகள், தலித்துகள், தறிக்காரர்கள். விலை ஏறட்டும் என்று தானியத்தைப் பதுக்கியவர்கள் நம் வியாபாரிகள். ‘தமிழர்’ என்ற ஒற்றைச் சொல் இந்த இரண்டு தரப்பையும் ஒரே பிணக்குவியலில் போட்டு மூடிவிடும்.

கொங்குப் பஞ்சக் கும்மிகளைப் புலவர் செ. இராசு தொகுத்திருக்கிறார். அவற்றை நாட்டார் வழக்காறு என்று அலமாரியில் வைத்துவிடாமல், நிர்வாக அறிக்கைகளுக்கு எதிர்ச் சாட்சியமாகப் பக்கத்தில் வைத்து வாசிப்போம். தானியம் எங்கே இருந்தது, கூலியை யார் தீர்மானித்தது, வழியை யார் அடைத்தது? உக்ரைனுக்கும் காஸாவுக்கும் தாது வருஷத்துக்கும் இந்தக் கேள்விகள் பொதுவானவை. இவற்றைக் கேட்க எந்த நாடாளுமன்றத்தின் தீர்மானமும் வேண்டியதில்லை.