மூளி அலங்காரியின் படி

நல்லதங்காள் நாடகத்தைப் பத்து வயதில், திருச்சுழிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பொட்டலில் பார்த்தேன். ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் போடும் காட்சியில் பெண்கள் எல்லாரும் வாய்விட்டு அழுதார்கள். அம்மா அதற்கு முன்பே, அண்ணி மூளி அலங்காரி மேடைக்கு வந்ததுமே, எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்.

காரணம் பிறகுதான் புரிந்தது. புருஷனை இழந்த அத்தை மூன்று பிள்ளைகளோடு எங்கள் வீட்டில்தான் இருந்தார். அவருக்குக் கம்பு அளந்து போட்டது அம்மாவின் கை. எத்தனை படி என்று சொன்னது அப்பா. ஊர் மூளி என்று ஏசியது அம்மாவை.

பெரிய எழுத்துப் புத்தகமாக விற்ற கதைப்பாடலில், பஞ்சம் தாங்காமல் மானாமதுரையிலிருந்து வத்திராயிருப்புக்குப் பக்கத்து அர்ச்சுனாபுரத்துக்கு, அண்ணன் வீட்டை நம்பி நடக்கிறாள் நல்லதங்காள். இரண்டு ஊருக்கும் நடுவில் கிடப்பது எங்கள் வறண்ட சீமை. வாசிக்கும்போது பசி அவளோடு கூடவே நடந்து வருகிறது.

நான் பார்த்த நாடகங்களில் அந்த நடை ஒரு பாட்டோடு முடிந்துவிடும். மேடைக்கு எதிராளி வேண்டும். பஞ்சத்துக்கு வேஷம் கட்ட முடியாது, அண்ணிக்குக் கட்டலாம். பச்சை விறகு, ஓட்டைச் சட்டி என்று மீதி இரவு அவள் கொடுமையிலேயே கழியும். அண்ணன் நல்லதம்பி வேட்டைக்குப் போயிருப்பான். வீட்டில் இல்லாததாலேயே அவன் நல்லவனாகிவிடுகிறான். ஒரே வயிற்றில் பிறந்தவளுக்கு அந்த வீட்டில் ஏன் ஒரு குழி நிலம்கூட இல்லை என்று மேடையில் யாரும் கேட்பதில்லை.

1989இல் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு தந்த தமிழ்நாட்டுச் சட்டம், அதற்கு முன் மணமானவர்களை விட்டுவிட்டது. அந்தத் தடை 2005இல் வந்த மத்தியச் சட்டத் திருத்தத்தில்தான் நீங்கியது. அதற்குள் எத்தனையோ அத்தைகள் அண்ணி அளந்த படியிலேயே காலத்தைக் கழித்துவிட்டார்கள்.

இந்தக் கதையை மறுபடி மேடையேற்றுகிறவர்கள் கிணற்றைக் கொஞ்சம் தள்ளி வைக்கட்டும். நடையை முழுதாகக் காட்டட்டும். படியை நடுமேடையில் வைத்து, குதிருக்கும் நிலத்துக்கும் யார் சொந்தக்காரர் என்று கேட்கட்டும். பார்க்கிற பெண்கள் அப்போதும் அழுவார்கள். ஆனால் இன்னொரு பெண்ணை ஏசிக்கொண்டு வீடு திரும்ப மாட்டார்கள்.

அம்மா இறந்த அன்று முதல் ஒப்பாரி வைத்தவர் அத்தைதான். “மதினி, உன் கையில என்ன இருந்துச்சு” என்று மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். நாத்தியும் மதினியும் ஒருத்திக்காக ஒருத்தி அழும் காட்சியை எந்த நாடக மேடையிலும் நான் இன்னும் பார்க்கவில்லை.