காற்புள்ளி சரி, சான்று சரியா?

2009-இல் அமெரிக்க உளவியல் சங்கம் (ஏ.பி.ஏ.) தன் எழுத்துநடைக் கையேட்டின் 6-ஆம் பதிப்பை வெளியிட்டது. கட்டுரையைப் பிழையில்லாமல் அமைப்பது எப்படி என்று பாடம் நடத்தும் அந்தப் புத்தகத்தின் முதல் அச்சிலேயே, அதுவும் மாதிரிக் கட்டுரைகளிலேயே, பிழைகள் மலிந்திருந்தன. வாங்கியவர்கள் கொதித்தார்கள். திருத்தப் பட்டியலை இணையத்தில் போட்டுச் சமாளிக்கப் பார்த்த சங்கம், கடைசியில் பிரதிகளை மாற்றித் தர வேண்டியதாயிற்று. வகுத்தவர்களையே சறுக்கவிட்ட இந்த விதிகளுக்காகத்தான் அமெரிக்க நர்சிங் கல்லூரிகளில் மாணவர்கள் மதிப்பெண் இழக்கிறார்கள்.

உளவியலாளர்களின் நடைக்கும் நோயாளியின் படுக்கைக்கும் என்ன தொடர்பு? இந்த ஏ.பி.ஏ. நடை 1929-இல் ஓர் ஆய்விதழில் ஏழு பக்கக் கட்டுரையாகத் தொடங்கியது. 2019-இல் வந்த 7-ஆம் பதிப்பு 400 பக்கங்களைத் தாண்டிவிட்டது. நர்சிங் படிப்பு உயர்கல்வி நிறுவனங்களில்தான் நடக்க வேண்டும் என்று அமெரிக்கச் செவிலியர் சங்கம் 1965-இல் அறிவித்தது. மருத்துவமனைப் பயிற்சிப் பள்ளிகளை விட்டுப் பல்கலைக்கழகத்துக்குள் வந்த துறை, அங்கே பக்கத்து அறையில் இருந்த உளவியலின் வழக்கத்தையே பெரிதும் எடுத்துக்கொண்டது. மருத்துவர்கள் போன பாதை வேறு. அவர்களது ஆய்விதழ்களின் ஆசிரியர்கள் சிலர் 1978-இல் கனடாவின் வான்கூவர் நகரில் கூடி எண்முறைக்கு வழி வகுத்தார்கள். அதனால் ஒரே தீவிர சிகிச்சைப் பிரிவில் பணிபுரியும் இருவரில் மருத்துவர் வாக்கியத்தின் முடிவில் 12 என்று எண்ணிடுவார். செவிலியர் அடைப்புக்குறிக்குள் ஆசிரியர் பெயரும் ஆண்டும் எழுதுவார்.

இதில் செவிலியர் வழிதான் மேல் என்று சொல்ல வலுவான காரணம் இருக்கிறது. 2001-இல் பெல்ஜியத்தின் லூவென் நகரிலிருந்து வான் டென் பெர்கே குழு ஓர் ஆய்வை வெளியிட்டது. அறுவைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த 1,548 நோயாளிகளிடம், இன்சுலின் கொடுத்து ரத்தச் சர்க்கரையை 80 முதல் 110 மில்லிகிராமுக்குள் இறுக்கிப் பிடித்தபோது, அந்தப் பிரிவில் நேர்ந்த இறப்பு 8 சதவீதத்திலிருந்து 4.6 சதவீதமாகக் குறைந்தது. உலகெங்கும் பல மருத்துவமனைகள் இந்த இலக்கைப் பின்பற்றின. மணிக்கணக்கில் விரலைக் குத்திச் சர்க்கரை பார்த்து, இன்சுலின் சொட்டைக் கூட்டிக் குறைக்கும் வேலை செவிலியர் தலையில் விழுந்தது. 2009-இல் நைஸ்-சுகர் ஆய்வு வந்தது. 6,104 நோயாளிகள். இறுக்கிப் பிடித்த பிரிவில் 90 நாளுக்குள் இறந்தவர்கள் 27.5 சதவீதம்; தளர்வாக விட்ட பிரிவில் 24.9 சதவீதம். முடிவு தலைகீழ்.

இப்போது ஒரு மாணவி ‘சர்க்கரையை இறுக்கிக் கட்டுப்படுத்துவது உயிர் காக்கும்’ என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் 2001 என்று போடுகிறார். விவரம் தெரிந்த வாசகர் அந்த வரியிலேயே புருவம் உயர்த்துவார். அதே இடத்தில் 12 என்ற எண் மட்டும் இருந்தால் கடைசிப் பக்கத்துக்குப் போய்த் தேட வேண்டும், பெரும்பாலோர் போவதில்லை. மருந்தளவும் நெறிமுறையும் சில ஆண்டுகளுக்கொருமுறை மாறும் தொழிலில், ஆண்டு வாக்கியத்துக்குள்ளேயே நிற்பது நோயாளிக்குப் பாதுகாப்பு.

இந்த நல்ல குணத்தைக் கல்லூரிகள் ஒரு மூடவிதியாகவும் ஆக்கிவிட்டன. பல நர்சிங் துறைகள் ஐந்தாண்டுக்குள் வெளிவந்த சான்றுகளை மட்டுமே ஏற்கின்றன. கையேட்டில் அப்படியொரு வரம்பே இல்லை. விளைவு வேடிக்கையானது. ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859-இல் எழுதியதைச் சொல்ல விரும்பும் மாணவர், அதை எங்கோ குறிப்பிட்டிருக்கும் மூன்றாண்டுப் பழைய பாடநூலைத் தேடிப் பிடிக்கிறார். பழைய கருத்து புதிய தேதியோடு உள்ளே வந்துவிடுகிறது. மூலத்தை யாரும் தொடவில்லை.

மூலத்தைத் தொடாமல் கைமாற்றியதன் விலை எவ்வளவு என்பதற்கு 1980-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ ஆய்விதழில் வந்த ஒரு கடிதம் சாட்சி. எழுதியவர்கள் போர்ட்டர், ஜிக். ஐந்தே வாக்கியங்கள். மருத்துவமனையில் தங்கி போதைத்தன்மையுள்ள வலிநிவாரணி பெற்ற 11,882 பேரில், முன்பு போதைப் பழக்கம் இல்லாதவர்களில் நால்வருக்கு மட்டுமே அடிமைத்தனம் பதிவானது என்றது அது. வீட்டில் மாதக்கணக்கில் மாத்திரை விழுங்குபவரைப் பற்றி அதில் ஒரு சொல்கூடக் கிடையாது. 2017-இல் அந்தக் கடிதம் மேற்கோள் காட்டப்பட்ட 608 இடங்களை ஆராய்ந்தார்கள். அடிமைத்தனம் அரிது என்பதற்குச் சான்றாக அதைக் காட்டியவை 72.2 சதவீதம். நோயாளிகள் மருத்துவமனையில் இருந்தவர்கள் என்பதைச் சொல்லாமல் விட்டவை 80.8 சதவீதம். அமெரிக்காவை உலுக்கிய ஓபியாய்டு பேரிடரில் இந்தக் கடிதத்துக்கும் பங்குண்டு என்று அந்த ஆய்வாளர்கள் கருதினார்கள். அந்த 608 இடங்களிலும் ஆசிரியர் பெயர், தொகுதி எண், பக்க எண் எல்லாம் அச்சுப் பிசகாமல் இருந்திருந்தாலும் இந்தக் கணக்கு ஒரு புள்ளிகூட மாறியிருக்காது.

இது ஒற்றை விபத்தல்ல. மருத்துவ ஆய்விதழ்களின் மேற்கோள்களைச் சரிபார்த்த ஆய்வுகளைத் திரட்டி 2015-இல் கணக்கிட்டபோது, ஏறத்தாழ நான்கில் ஒரு மேற்கோளில் பிழை இருந்தது. அவற்றில் பாதியளவு, மூலம் சொல்லாததைச் சொன்னதாகக் காட்டும் கடும் பிழைகள். இங்கே கையேட்டின் மீதும் குற்றம் உண்டு. சொல்லுக்குச் சொல் எடுத்தால்தான் பக்க எண் கட்டாயம். சொந்த நடையில் சுருக்கிச் சொன்னால் அது விருப்பம். நர்சிங் கட்டுரைகளில் முக்கால்வாசி சுருக்கிச் சொல்வதுதானே! 600 பக்கப் பாடநூலில் எந்தப் பக்கம் என்று தெரியாத வாசகர் எப்படிச் சரிபார்ப்பார்? காற்புள்ளிக்குக் காட்டிய கண்டிப்பை இங்கே காட்டியிருக்கலாம்.

அந்தக் காற்புள்ளிக் கண்டிப்பும் நிலையானதா என்றால் அதுவும் இல்லை. 6-ஆம் பதிப்பில் பதிப்பகத்தின் ஊர்ப்பெயரை விட்டால் தவறு. 7-ஆம் பதிப்பில் அதைப் போட்டால் தவறு. மூன்று முதல் ஐந்து ஆசிரியர்கள் இருந்தால் முதல் முறை அத்தனை பேரையும் எழுத வேண்டும் என்ற விதி போய், மூவர் என்றாலே முதல் பெயருக்குப் பின் ‘பிறர்’ போதும் என்றானது. முற்றுப்புள்ளிக்குப் பின் இரண்டு இடைவெளி விடச் சொன்னவர்கள் ஒன்று போதும் என்கிறார்கள். ஒவ்வொரு மாற்றமும் தனித்தனியே நியாயமானதுதான். ஆனால் பத்தாண்டில் மறைந்துபோகும் விதிக்காக ஒருவரின் தேர்ச்சியைக் குறைப்பது நியாயமா என்ற கேள்வி எழாமல் இராது.

செவிலியருக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. வார்டில் அவர் அன்றாடம் பின்பற்றுவது மருத்துவமனையின் உள் நெறிமுறைக் கோப்பு. வெளியாள் திறக்க முடியாத அந்த ஆவணத்தை ஏ.பி.ஏ. நடை தனிப்பட்ட உரையாடலோடு சேர்த்துவிடுகிறது. சான்றுப் பட்டியலில் அதற்கு இடமில்லை. ஒரு வார்டின் நடைமுறையை ஆராயும் கட்டுரையில் மையமான ஆவணமே பட்டியலுக்கு வெளியே நிற்கும். உளவியல் ஆய்வுக்கூடத்துக்குத் தைத்த சட்டை செவிலியருக்கு இடிக்கும் இடம் இது.

நடை எதுவானாலும், ஒன்றை ஒழுங்காகக் கடைப்பிடிப்பதே தேடுபவருக்கு உதவி என்பதை மறுக்க முடியாது. தமிழகத்தின் எம்.எஸ்சி. நர்சிங் ஆய்வேடுகள் பலவற்றில் இறுதிப் பட்டியல் நூல்கள், ஆய்விதழ்கள், இணையம் என்று தலைப்பு வாரியாகப் பிரிந்து கிடக்கும். உடற்பகுதியில் ஒரு பெயரைப் பார்த்தவர் அதே பெயரை ஒவ்வொரு பட்டியலிலும் துழாவ வேண்டும். ஒரே அகரவரிசை இருந்தால் இந்த அலைச்சல் இல்லை.

ஸோட்டெரோ, எண்ட்நோட் போன்ற மென்பொருள்கள் வந்தபின் வடிவத்தின் பெரும்பகுதி வேலை இயந்திரத்துக்குப் போய்விட்டது. செயற்கை நுண்ணறிவு வந்தபின் ஆபத்தும் இயந்திரத்தோடு வந்துவிட்டது. சாட்ஜிபிடி தந்த மேற்கோள்களை 2023-இல் சோதித்த ஓர் ஆய்வில், 3.5 பதிப்பு தந்தவற்றில் 55 சதவீதமும் 4-ஆம் பதிப்பு தந்தவற்றில் 18 சதவீதமும் இல்லாத படைப்புகள். பெயர், ஆண்டு, தொகுதி, பக்கம் என எல்லாம் அதனதன் இடத்தில் கச்சிதமாக இருந்தும், அப்படியொரு கட்டுரை உலகில் எங்கும் எழுதப்படவில்லை. வடிவத்தைப் பார்த்து மதிப்பெண் போடும் ஆசிரியர் இவற்றுக்கு முழு மதிப்பெண்ணே தருவார்.

ஆசிரியர்களை மட்டும் குறைசொல்லவும் முடியாது. காற்புள்ளியைச் சரிபார்க்க ஒரு நிமிடம் போதும். மூலக் கட்டுரையைத் திறந்து படிக்க அரைமணி நேரம் வேண்டும். கட்டுக்கட்டாகத் திருத்த வேண்டியவர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்பது தெரிந்ததே. ஒவ்வொரு மாணவரிடமும் பட்டியலிலிருந்து இரண்டே சான்றுகளை ஆசிரியரே தேர்ந்து, அவற்றைத் திரையில் திறக்கச் சொல்லி, ‘நீங்கள் எழுதியதற்கு ஆதாரமான வரி எது?’ என்று கேட்கலாம். ஐந்து நிமிட வேலை. வடிவத்துக்கு ஒதுக்கிய மதிப்பெண்ணில் பாதியை அதற்குக் கொடுத்தால், மாணவர்கள் மூலத்தைத் திறந்து படித்துவிட்டுத்தான் வருவார்கள்.